கார்ட்லெஸ் மைக் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்பவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். சமையல் குறிப்பை வீடியோவாக எடுப்பவர்கள், பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கோயில் கச்சேரியைப் பதிவு செய்பவர்கள், வீட்டுப் பெரியவர்களின் பேச்சைச் சேமித்து வைப்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். இவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வயர் இல்லாத நல்ல மைக் எது?"

கடையில் போய்க் கேட்டால் பத்து டப்பாக்களை எடுத்து மேசையில் அடுக்கிவிடுவார்கள். ஒன்றில் 100 மீட்டர் என்று போட்டிருக்கும். இன்னொன்றில் 200 மீட்டர். எல்லாவற்றிலும் "புரொஃபஷனல்" என்ற வார்த்தை கட்டாயம் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஒரு லட்சத்துக்கும் கிடைக்கிறது. என்ன வித்தியாசம்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதற்கு முன் என் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான்.

கண்மாய்க் கரையில் நடந்தது

என் பெரியப்பா சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஊர்க் கண்மாயின் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எதுவும் எழுத்தில் கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது.

2019 மே மாதம் அவரைக் கண்மாய்க் கரையில் நடக்க வைத்துப் பேச்சைப் பதிவு செய்தேன். அப்போது அவருக்கு வயது 71. உட்கார வைத்துக் கேட்டால் பேச்சு வராது, இடத்தைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும் என்று சொல்லிவிட்டார். எனவே வயர் வைத்த மைக் சரிப்படாது என்று முடிவு செய்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மலிவான கார்ட்லெஸ் காலர் மைக் ஒன்றை வாங்கினேன். வீட்டில் எல்லா அறையிலும் வைத்துச் சோதித்தேன். மாடியில் நின்று பேசினாலும் கீழே தெளிவாகக் கேட்டது. திருப்தியாகக் கிளம்பினேன்.

அவர் முன்னால் நடந்தார். நான் ஹேண்டிகேமுடன் பின்னால் நடந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினார். இரவு கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. நான்கு வார்த்தை கேட்கும், இரண்டு வார்த்தை இருக்காது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் பேசிய இடங்களில் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் பேச்சை நிறுத்தும் போதெல்லாம் 'உஸ்' என்ற இரைச்சல் எழும்பி வந்தது. தோளில் போட்டிருந்த துண்டு மைக்கில் உரசி 'கர கர' என்று கேட்டது. தண்ணீர் குறைந்த வருடத்தில் முறைவைத்துப் பாய்ச்சுவது எப்படி என்று அவர் விளக்கிய பதினோரு நிமிடங்கள் முற்றிலும் வீண்.

நான் ஹெட்போன் எடுத்துப் போகவில்லை. போட்டிருந்தால் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஹெட்போன் போடாமல் ரெக்கார்டிங் பட்டனை அழுத்தாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வயர் இல்லாமல்தான் ஆக வேண்டுமா? இதை முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே விலையில் வயர் வைத்த மைக்கையும் வயர் இல்லாத மைக்கையும் ஒப்பிட்டால், ஒலித் தரத்தில் பெரும்பாலும் வயர் வைத்ததுதான் ஜெயிக்கும். காரணம் எளிது. கார்ட்லெஸ் செட்டில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ரேடியோவுக்குப் போய்விடுகிறது. மைக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மேசை முன் உட்கார்ந்து பாடம் நடத்துகிறீர்களா? யு.எஸ்.பி. மைக் போதும். ஒரே இடத்தில் நின்று பாடுகிறீர்களா? ஸ்டாண்டில் வைக்கும் வயர் மைக் போதும். பேசுகிறவர் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், கையால் வேலை செய்ய வேண்டும் என்றால்தான் கார்ட்லெஸ் தேவை.

இதற்கு நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. சில நூறு ரூபாய் காலர் மைக் ஒன்றைப் பழைய செல்போனில் செருகி, போனை ஃபிளைட் மோடில் போட்டு, ரெக்கார்டிங் அப்ளிகேஷனை இயக்கிப் பேசுகிறவரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். ரேடியோவே இல்லை என்பதால் ஒலி அறுந்து போக வாய்ப்பே இல்லை. பிறகு கம்ப்யூட்டரில் வீடியோவுடன் இணைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் இரண்டையும் பொருத்துவது சுலபம். 2019இல் எனக்கு இது தோன்றாமல் போனது என் துரதிர்ஷ்டம். ஒரே குறை, பதிவாகும் போது ஹெட்போனில் கேட்க முடியாது.

செட்டுக்குள் என்ன இருக்கிறது?

எந்தக் கார்ட்லெஸ் செட்டிலும் மூன்று பாகங்கள் உண்டு. ஒலியை மின்சாரமாக மாற்றும் மைக். அதை ரேடியோ அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். அந்த அலையை வாங்கித் திரும்ப ஒலி சிக்னலாக மாற்றி ரெக்கார்டருக்கோ கேமராவுக்கோ கொடுக்கும் ரிசீவர்.

கையில் பிடிக்கும் மைக்கில் முதல் இரண்டும் ஒன்றாக இருக்கும். இடுப்பில் செருகும் டப்பாவில் மைக் தனி வயரில் வரும். இப்போது வரும் சிறிய கிளிப் செட்களில் டிரான்ஸ்மிட்டரிலேயே மைக் இருக்கிறது. ஆனால் வெளி மைக் செருகத் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். துளை இருந்தால் பின்னாளில் நல்ல காலர் மைக் ஒன்றை வாங்கிச் செருகித் தரத்தை உயர்த்திக்கொள்ளலாம். துளை இல்லாத செட்டில் அந்த வாய்ப்பு இல்லை.

எந்த அலைவரிசை?

சந்தையில் உள்ள செட்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. வி.எச்.எஃப்.: சுமார் 170 முதல் 216 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய, மலிவான கார்ட்லெஸ் செட்கள் பலவும் இதில்தான் வந்தன. சில செட்களில் அலைவரிசையை மாற்றவே முடியாது. பக்கத்தில் யாராவது அதே அலைவரிசையைப் பயன்படுத்தினால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

2. யு.எச்.எஃப்.: 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். மேடை, சினிமா, தொலைக்காட்சி ஆட்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது இதுதான். அலைவரிசையை மாற்றிக்கொள்ளலாம், காலியான இடத்தை ஸ்கேன் செய்து கண்டுபிடிக்கலாம். மனித உடல் குறுக்கே வந்தாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவுக்குப் பாதிப்பதில்லை. விலை அதிகம்.

3. 2.4 கிகாஹெர்ட்ஸ்: யூடியூப் செய்பவர்கள் சட்டையில் மாட்டும் சிறிய டப்பாக்களில் பெரும்பாலானவை இந்த வகை. டிஜிட்டல். ஆன் செய்தால் தானே இணைந்துகொள்ளும். குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் இந்த அலைவரிசையைப் பயன்படுத்த இந்தியாவில் 2005 முதல் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் செல்போனுடன் வந்தால் நெரிசல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. புளூடூத் ஹெட்செட்: இதைப் பதிவுக்குப் பயன்படுத்தாதீர்கள். பாட்டுக் கேட்கும் போது நன்றாக இருக்கும் அதே ஹெட்செட், மைக்காக வேலை செய்யும் போது வழக்கமாக நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளோடு நின்றுவிடும். நல்ல பதிவுக்கு 48,000 வேண்டும். 8,000 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எதுவும் பதிவாகாது. 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கிப் போகும். டெலிபோன் பேச்சு மாதிரி இருக்கும்.

அமெரிக்காவில் இருந்து உறவினர் வாங்கி வரும் பழைய யு.எச்.எஃப். செட்களில் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கார்ட்லெஸ் மைக் பயன்படுத்துவது 2010 ஜூன் 12 முதலும், 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும்பாலான இடங்களில் பயன்படுத்துவது 2020 ஜூலை 13 முதலும் தடை செய்யப்பட்டன. அந்த இடங்கள் செல்போன் சேவைக்குப் போய்விட்டன. அதனால் பழைய செட்கள் அடிமாட்டு விலைக்கு வருகின்றன. இந்தியாவிலும் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை 5ஜி சேவைக்காக ஜியோ வாங்கியது. விலை குறைவு என்று இந்த அலைவரிசை செட்டை வாங்கினால் செல்போன் டவருடன் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நம் நாட்டில் ரேடியோ அலைவரிசைகளை நிர்வகிப்பது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. யு.எச்.எஃப். செட் வாங்கும் முன் அது இங்கே அனுமதிக்கப்பட்ட மாடலா என்று விற்பனையாளரிடம் கேட்டு, பில்லில் மாடல் எண்ணையும் அலைவரிசையையும் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் கேட்டது, வெளியில் ஏன் கேட்கவில்லை?

எனக்கு நடந்ததன் காரணம் இதுதான். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பெரியப்பாவின் மார்பில் டிரான்ஸ்மிட்டர், அவர் முதுகுக்குப் பின்னால் நான். நடுவில் அவர் உடல் சுவர் மாதிரி நின்றுவிட்டது.

அப்படியானால் வீட்டில் எப்படிக் கேட்டது? வீட்டில் சுவர்கள் இருக்கின்றன. உடல் நேர்வழியை மறைத்தாலும் அலை முன்சுவரில் மோதித் திரும்பி ரிசீவருக்கு வந்து சேர்ந்துவிடும். கண்மாய்க் கரையில் மோதித் திரும்ப எதுவும் இல்லை. வெட்டவெளி. ஆகவே வெட்டவெளியில் தூரம் அதிகம் கிடைக்கும் என்பது பாதி உண்மைதான். ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்கும். நடுவில் ஒரு ஆள் வந்தால் அதே வெட்டவெளியில் பத்து மீட்டர்கூட சந்தேகம். டப்பாவில் போட்டிருக்கும் 100 மீட்டர், 200 மீட்டர் எல்லாம் நடுவில் யாரும் இல்லாத நேர்ப்பார்வைத் தூரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சுவரில் மோதி வரும் அலைக்கு இன்னொரு முகமும் உண்டு. நேராக வரும் அலையும் மோதி வரும் அலையும் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஆன்டெனா இருந்தால் சிக்னல் காணாமல் போகும். ஒரு சில அங்குலம் நகர்ந்தால் திரும்ப வரும். இதற்குத் தீர்வுதான் 'டைவர்சிட்டி' ரிசீவர். இதில் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கும். ஒன்றில் சிக்னல் செத்தாலும் மற்றொன்றில் உயிரோடு இருக்கும். எது நன்றாக இருக்கிறதோ அதை ரிசீவர் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆன்டெனாவுக்கும் தனித்தனி ரிசீவர் சர்க்யூட் உள்ளதை 'ட்ரூ டைவர்சிட்டி' என்பார்கள். மண்டபத்திலோ அறையிலோ பதிவு செய்பவர்கள் இது இல்லாத செட்டை வாங்க வேண்டாம். இரண்டு ஆன்டெனாவும் வெளியே தெரிந்தால் 'வி' வடிவில் விரித்து வையுங்கள்.

அனலாகா, டிஜிட்டலா?

அனலாக் செட்கள் எஃப்.எம். ரேடியோ முறையில் வேலை செய்பவை. இந்த ரேடியோ வழியில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 50 டெசிபல் இடைவெளிதான் கிடைக்கும். இது போதாது. எனவே டிரான்ஸ்மிட்டரில் ஒலியைப் பாதியாக அமுக்கி அனுப்பி, ரிசீவரில் இரண்டு மடங்காக விரிப்பார்கள். இதனால் இடைவெளி 100 டெசிபல் அளவுக்கு வந்துவிடும். பெட்டியில் துணியை அமுக்கி வைத்து ஊர் போய் விரிப்பது போல. நல்ல செட்டில் இஸ்திரி கலையாது. மலிவான செட்டில் கசங்கல் தெரியும். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் இரைச்சல் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். கடையில் சாவிக்கொத்தை மைக் முன்னால் மெதுவாக ஆட்டிக் கேட்டுப் பாருங்கள். சாவிச் சத்தம் சாவிச் சத்தமாகக் கேட்டால் நல்லது. குப்பையைக் கிளறுவது போலக் கேட்டால் வேண்டாம்.

டிஜிட்டல் செட்டில் அமுக்கி விரிக்கும் இந்த வேலை இல்லை. அதற்குப் பதிலாக ஒலியை எண்களாக மாற்றி அனுப்பித் திரும்ப மாற்றச் சிறிது நேரம் ஆகும். தரமான செட்டில் சில மில்லிசெகண்ட். மலிவான செட்டில் 20 மில்லிசெகண்ட் வரை போகலாம். இது பெரிய விஷயமா? காற்றில் ஒலி ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் 40 மில்லிசெகண்ட். எனவே வீடியோவுக்கு இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே ஆளின் குரலை ஒரு கார்ட்லெஸ் மைக்கிலும் ஒரு வயர் மைக்கிலும் வாங்கிக் கலந்தால் குழாய்க்குள் பேசுவது போலக் கேட்கும். அப்படிக் கலக்காதீர்கள்.

இன்னொரு வித்தியாசம். சிக்னல் குறையும் போது அனலாக் செட் இரைச்சலாக முனகி எச்சரிக்கும். டிஜிட்டல் செட் கடைசி வரை சுத்தமாகக் கேட்டுவிட்டுத் திடீரென்று அறுந்துவிடும்.

இரண்டு மூன்று மைக் வேண்டுமா?

யு.எச்.எஃப். செட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் வைத்தால் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு அலைவரிசைகள் பக்கத்தில் இருக்கும் போது அவை கலந்து புதிய அலைவரிசைகளை உருவாக்கும். உதாரணமாக 600, 601 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக் இருந்தால் 599இலும் 602இலும் தேவையில்லாத சிக்னல் பிறக்கும். மூன்றாவது மைக்கை 602இல் வைத்தால் தொலைந்தது. ஆகவே சம இடைவெளியில் அலைவரிசைகளை வைக்கக் கூடாது. தரமான செட்களில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகளை நிறுவனமே குரூப் குரூப்பாகப் பிரித்துக் கொடுத்திருக்கும். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வெவ்வேறு சேனலில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

உள்ளேயே பதிவாகும் மைக்

சமீப ஆண்டுகளில் வந்த வசதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே மெமரி இருக்கும். ரேடியோ வழியாக அனுப்பிக்கொண்டே தனக்குள்ளும் ஒரு பிரதி பதிந்துகொள்ளும். ரேடியோ அறுந்தாலும் உள்ளே இருக்கும் பதிவு முழுதாக இருக்கும். 2021இல் வந்த ரோடு வயர்லெஸ் கோ 2, அதற்கடுத்து வந்த டி.ஜே.ஐ. மைக் போன்றவை வீட்டு உபயோகிப்பாளர்களுக்கும் இந்த வசதியைக் கொண்டுவந்தன.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 518 எம்.பி. ஆகும். 8 ஜி.பி. மெமரி இருந்தால் ஒரு நாள் வேலைக்குத் தாராளம்.

2023இல் வந்த ரோடு வயர்லெஸ் புரோ, 2024இல் வந்த டி.ஜே.ஐ. மைக் 2 போன்றவை '32 பிட் ஃபுளோட்' முறையில் உள்ளே பதிகின்றன. இதில் கெயினைத் தவறாக வைத்திருந்தாலும் பின்னர் கம்ப்யூட்டரில் உயர்த்தவோ குறைக்கவோ முடியும். திடீரென்று யாராவது கத்தினாலும் உடைந்துபோகாது. ஆனால் ஒரு விஷயம், மைக்கின் தாங்கு சக்திக்கு மேல் கத்தினால் மைக்கிலேயே உடையும். அதை எந்த பிட்டாலும் காப்பாற்ற முடியாது.

இந்த வகைச் சிறிய செட்களில் பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். சில வருடங்களில் அது வலுவிழக்கும். மாற்றுவது சிரமம். பென்சில் செல் போடும் பெரிய செட்களில் இந்தத் தொல்லை இல்லை. பத்து வருடம் வைத்து வேலை வாங்கப் போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக்கை எங்கே வைப்பது?

பத்தாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்துப் பெறும் தரத்தைவிட, மைக்கைச் சரியான இடத்தில் வைத்துப் பெறும் தரம் அதிகம்.

தாடைக்குக் கீழே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், சட்டையின் நடுவில் மாட்டுங்கள். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் திரும்பிப் பேசும் போது குரல் குறையும். தோள் துண்டு, பட்டுப் புடவை முந்தானை, கழுத்துச் செயின், தாலிக்கொடி ஆகியவை மைக்கின் எதிரிகள். ஆரம்பிக்கும் முன் இவை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியில் என்றால் ரோமம் வைத்த காற்று உறையைக் கட்டாயம் மாட்டுங்கள். கூட வரும் கறுப்பு ஸ்பான்ஞ் கண்மாய்க் காற்றுக்குத் தாங்காது.

2.4 கிகாஹெர்ட்ஸ் செட் என்றால், பேசுகிறவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் ரிசீவர் இருக்கட்டும். அவர் முன்னால் நடந்தால் நீங்கள் பக்கவாட்டில் நடங்கள்.

செருகுவதிலும் கவனம்

ரிசீவரில் இருந்து வரும் 3.5 மி.மீ. பின்னைப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும். மூன்று வளையம் இருந்தால் செல்போனுக்கு. மாற்றிச் செருகினால் ஒலியே வராது அல்லது ஈனமாக வரும்.

கேமராவில் 'ஆட்டோ கெயின்' இருந்தால் நிறுத்திவிடுங்கள். பேச்சு நிற்கும் போதெல்லாம் அது வால்யூமை உயர்த்தி இரைச்சலை இழுத்துக்கொண்டு வரும். என் பழைய பதிவில் 'உஸ்' என்று எழும்பியது இதனால்தான். கையால் அளவை வைத்து, உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபல் அருகே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மிக்சரில் எக்ஸ்.எல்.ஆர். அடாப்டர் வழியாகச் செருகினால் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

பல செட்களில் இரைச்சல் நீக்கும் பட்டன் இருக்கிறது. பதிவின் போது அதை அணைத்து வைப்பது நல்லது. இரைச்சலை ஆடாசிட்டி போன்ற இலவச சாஃப்ட்வேரில் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். பதிவின் போதே குரலோடு சேர்த்து வெட்டியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. சொந்த ஹெட்போனைக் கொண்டு போங்கள். ரிசீவரில் ஹெட்போன் செருக வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

2. கடைக்கு வெளியே திறந்த இடத்துக்குப் போங்கள். மைக்கை மார்பில் மாட்டி, ரிசீவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி இருபது அடி நடங்கள். எண் விடுபட்டால் எத்தனை அடியில் விடுபட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. செல்போனில் வைஃபை ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து ரிசீவர் அருகே வைத்துக் கேளுங்கள்.

4. சாவிக்கொத்துச் சோதனை.

5. அரை நிமிடம் பேசாமல் இருந்து இரைச்சலை மட்டும் கேளுங்கள்.

6. உள்ளே பதிந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். வேவ் ஃபைலாக இருக்கிறதா, தனி சாஃப்ட்வேர் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

7. மைக், கிளிப், காற்று உறை, கேபிள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் தொலைவதும் உடைவதும் இவைதான்.

இதற்கெல்லாம் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, வீட்டில் முதல் நாளே செய்துவிடுங்கள்.

நான் எதை வாங்கினேன்?

முதல் பதிவுக்குப் பின் 2020இல் கொரோனா வந்தது. அதன் பின் பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. 2024 பொங்கல் கழிந்து ஒருநாள்தான் திரும்பவும் கரைக்குப் போக முடிந்தது. இந்த முறை உள்ளேயே பதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வாங்கியிருந்தேன். யு.எச்.எஃப். செட் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு வேண்டியது ஒரே மைக், எப்போதாவது ஒரு பதிவு. அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மேடை நிகழ்ச்சி நடத்துபவராகவோ, தொழிலாக ஒலிப்பதிவு செய்பவராகவோ இருந்தால் யு.எச்.எஃப். பக்கம் போங்கள்.

துண்டை வாங்கி நான் தோளில் போட்டுக்கொண்டேன். காற்று உறையை மாட்டினேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கவாட்டில் நடந்தேன். மூன்று இடத்தில் ரேடியோ அறுந்தது. அந்த மூன்றையும் உள்ளே இருந்த பதிவில் இருந்து எடுத்து ஒட்டினேன். ஒலி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது.

ஆனால் அவரால் பாதிக் கரைதான் நடக்க முடிந்தது. நடு மடையில் உட்கார்ந்துவிட்டார். முறைவைத்துப் பாய்ச்சும் கணக்கைக் கேட்டேன். இரண்டு மூன்று முறை தொடங்கினார், விட்டுவிட்டார். "அதைத்தான் அன்னைக்கே சொல்லிட்டேனேப்பா, நீ பதிஞ்சு வச்சிருப்பியே" என்றார். என்னிடம் இருப்பது என்ன என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பதினோரு நிமிடத்தை எத்தனையோ சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்துவிட்டேன். இரைச்சலைக் குறைக்கலாம், உரசலைக் குறைக்கலாம். வராமல் போன சிக்னலை எந்த சாஃப்ட்வேராலும் வரவழைக்க முடியாது.

ஆகவே உங்கள் பட்ஜெட் எதுவாக இருந்தாலும் சரி, கல்யாணமோ, கச்சேரியோ, தாத்தாவின் பேச்சோ, திரும்ப நடக்காத ஒன்றைப் பதிவு செய்யும் போது ஒரே ரேடியோவை நம்பி நிற்காதீர்கள். உள்ளே பதியும் மைக்கோ, சட்டைப் பையில் ஒரு பழைய போனோ, இரண்டாவது பிரதி ஒன்று எங்காவது ஓடிக்கொண்டிருக்கட்டும். ஹெட்போன் காதில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் அன்று இரவே ஃபைலைக் கம்ப்யூட்டருக்கும் இன்னொரு டிஸ்க்குக்கும் நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகு தூங்கப் போங்கள்.